அத்தியாயம் 9: ரத்தக்குழாயும் நரம்பும் – மூட்டுக்கு வெளியே வரும் முடக்குவாதம்

முந்தைய அத்தியாயங்களில் மூட்டைப் பராமரிக்கும் முறைகளைப் பார்த்தோம். இந்த அத்தியாயம் மூட்டுக்கு வெளியே நடப்பதைப் பற்றியது. சரவாங்கி என்றும் முடக்குவாதம் என்றும் சொல்லப்படும் இந்த நோய், சிலருக்கு ரத்தக்குழாய்ச் சுவரிலும் அழற்சியை உண்டாக்கும். குழாய் அடைபட்டால் அது ரத்தம் கொடுத்துவந்த தோல் கறுக்கும், புண்ணாகும், நரம்பு செயலிழக்கும். இதற்கு வாஸ்குலைட்டிஸ் என்று பெயர். வேறு சிலருக்கு வீங்கிய மூட்டே பக்கத்தில் ஓடும் நரம்பை நெரிக்கும். தத்துவம் இவ்வளவு போதும்.

மருந்து எழுதுவது டாக்டர். எந்த நாளில் அவர் முன்னால் போய் உட்காருகிறீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது. வாஸ்குலைட்டிஸில் நரம்பு பிழைப்பதும் விரல் பிழைப்பதும் பெரும்பாலும் அந்தத் தேதியைப் பொறுத்தது. மூட்டு வலியால் கத்திக் கூப்பிடும். நரம்பு அப்படியில்லை, சில நாள் எரிச்சல், பிறகு மரமரப்பு, பிறகு பலமின்மை. பல வருடம் வலியோடு பழகிய ஒருவர் "இந்தப் பக்கம் இப்போ வலியே தெரியலை" என்று சந்தோஷப்படுவதும் நடக்கிறது. வலி போன இடத்தில் உணர்ச்சியும் போயிருக்கிறதா என்று பார்க்காமல் சந்தோஷப்படாதீர்கள்.

யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

நோய் வந்து 10 வருடம் தாண்டியவர்கள், ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபேக்டர் மிக அதிகமாக இருப்பவர்கள், முழங்கையின் பின்புறம் கெட்டியான முடிச்சுகள் உள்ளவர்கள், பீடி-சிகரெட் பிடிப்பவர்கள். மூட்டு வலி அடங்கிப்போன காலத்திலும் வாஸ்குலைட்டிஸ் வரலாம் என்பதை நினைவில் வையுங்கள். "எனக்குத்தான் மூட்டு நன்றாக இருக்கிறதே" என்பது காரணமாகாது.

இன்னொன்று: மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளைத் தொடக்கத்திலேயே கொடுக்கும் பழக்கம் வந்தபிறகு இந்தச் சிக்கல் குறைந்துவிட்டது. நல்ல செய்திதான். ஆனால் அதனாலேயே, நீங்கள் முதலில் பார்க்கும் டாக்டர் இதை நேரில் பார்த்தே இராமல் இருக்கலாம். நீங்களே அந்தப் பெயரைச் சொல்லத் தெரிந்திருப்பது நல்லது.

வாரம் ஒருமுறை: பத்து நிமிடச் சோதனை

ஏதாவது ஒரு கிழமையை முடிவு செய்துகொள்ளுங்கள். குளித்துத் துவட்டியபின், பகல் வெளிச்சத்தில், வீட்டில் இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது வசதி.

1. நகக்கண். பத்து விரல்களையும் சன்னல் ஓரம் காட்டுங்கள். நகத்தின் விளிம்பில், நகமும் தோலும் சேரும் இடத்தில், கடுகை விடச் சிறிய பழுப்பு அல்லது கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா? முள் குத்தியது போலவும், நகச்சாயம் ஒட்டியது போலவும் தெரியும், கழுவினால் போகாது. நகச்சாயம் போடுபவர்கள் அன்று அழித்துவிட்டுப் பாருங்கள். இந்தப் புள்ளிகள் மட்டும் இருந்தால் அவசரம் இல்லை. போட்டோ எடுத்து அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.

2. முழங்காலுக்குக் கீழே. ஊதாநிறப் புள்ளிகள் தெரிந்தால் ஒரு கண்ணாடி டம்ளரை அதன்மேல் அழுத்துங்கள். நிறம் மறைந்தால் சாதாரணச் சிவப்பு. மறையாமல் அப்படியே தெரிந்தால் தோலுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது.

3. குதிகால் நடை. சுவரில் ஒரு கை வைத்துக்கொண்டு, பாதத்தின் முன்பகுதியைத் தூக்கிக் குதிகாலால் நாலடி நடங்கள். மூட்டு இடம் கொடுக்காவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தைத் தூக்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே உயரம் தூக்குகிறதா என்பதே கேள்வி. கட்டைவிரலைத் தனியாகவும் தூக்கிப் பாருங்கள்; முதலில் சோர்வது பெரும்பாலும் அதுதான்.

4. மணிக்கட்டு. கையை முன்னால் நீட்டி, "நில்" என்று சைகை காட்டுவதுபோல் மணிக்கட்டை மேலே மடக்குங்கள். இரண்டு கையும் ஒரேபோல் எழுகிறதா என்று பாருங்கள்.

5. பஞ்சு. நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் பஞ்சுத் துணுக்கால் உள்ளங்கால், பாதத்தின் மேல்பக்கம், விரல் நுனிகள் என்று தொடட்டும். தொட்டபோதெல்லாம் "ம்" சொல்லுங்கள். தவறவிட்ட இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

6. எடை. சாப்பாட்டில் மாற்றம் இல்லாமல் எடை இறங்கிக்கொண்டே போனால், கூடவே லேசான காய்ச்சலும் இருந்தால், மேலே சொன்ன அறிகுறிகளுக்குக் கனம் கூடுகிறது.

*குறிப்பு:* ஒரு பக்கத்தை மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். போன வாரத்தோடும் ஒப்பிடுங்கள். முடக்குவாதக்காரரின் கையை நோயில்லாதவர் கையோடு ஒப்பிட்டால் எப்போதும் குறைதான் தெரியும்.

எப்போது ஓட வேண்டும்?

கீழே உள்ளவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே, பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஞாயிறா, தீபாவளியா என்று பார்க்காதீர்கள். தமிழ்நாட்டில் 108க்குக் கூப்பிடலாம்.

– பாதமோ மணிக்கட்டோ சில மணி நேரத்தில், அல்லது ஓரிரு நாளில், தொங்கிப்போவது
– கை, கால் விரல் சில்லிட்டு, நீலமாகவோ கறுப்பாகவோ மாறுவது
– கண் சிவந்து, கண்குழிக்குள்ளேயே குடைவதுபோல் வலிப்பது, வெளிச்சம் பார்க்க முடியாமல் போவது
– கழுத்தைக் குனிந்தால் முதுகுத்தண்டில் மின்சாரம் பாய்வதுபோல் இருப்பது. கூடவே கைகால் தள்ளாட்டம், சிறுநீர் அடக்க முடியாமை
– கடும் வயிற்றுவலியோடு மலத்தில் ரத்தம்
– நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் ஒரு பக்கம் கோணுவது
– நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுக்கும்போது 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல்

இரவு விரல் மரத்துப்போவது, இரண்டு பாதமும் மாதக்கணக்கில் மெல்ல மதமதப்பது போன்றவற்றுக்கு அந்த வாரத்துக்குள் டாக்டரைப் பார்த்தால் போதும்.

பாதம் தொங்கினால்: முதல் இரண்டு நாள்

இந்த இடத்தில்தான் அதிகக் காலம் வீணாகிறது. பாதம் தொங்கியதும் வீட்டில் வரும் முதல் தீர்ப்பு "டிஸ்க் விலகியிருக்கும்". முதுகு எம்.ஆர்.ஐ., இடுப்பு பெல்ட், படுக்கை ஓய்வு என்று வாரங்கள் ஓடும். டிஸ்க்காகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் நாள்பட்ட முடக்குவாதம் உள்ளவருக்குத் திடீரென ஒரு பாதம் தொங்கி, சில நாளில் இன்னொரு கை மணிக்கட்டும் சோர்ந்தால், அது ஒன்றன்பின் ஒன்றாக நரம்புகளைத் தாக்கும் வாஸ்குலைட்டிஸ் என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

1. எந்தத் தேதி, எந்த நேரம் தொடங்கியது என்று எழுதுங்கள். முதலில் எரிச்சலா, பலமின்மையா என்பதையும் எழுதுங்கள்.

2. பாதத்தைத் தூக்க முயல்வதை மொபைலில் பத்து நொடி வீடியோ எடுங்கள். இரண்டு பாதமும் ஒரே சட்டகத்தில் தெரிய வேண்டும்.

3. உங்கள் ருமட்டாலஜி டாக்டருக்குத் தகவல் சொல்லுங்கள். அவரைப் பிடிக்க முடியாவிட்டால் காத்திருக்காமல், ருமட்டாலஜியும் நரம்பியலும் உள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அரசுத் தரப்பில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ருமட்டாலஜிக்குத் தனித் துறை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்து, எண்ணை முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

4. ஃபைலில் இவை மேலாக இருக்கட்டும்: இப்போது எடுக்கும் மாத்திரைப் பட்டியல், கடைசி ரத்தப் பரிசோதனை, பழைய ஆர்.ஏ. ஃபேக்டர் முடிவு, காசநோய் வரலாறு, மருந்து ஒவ்வாமை.

5. டியூட்டி டாக்டரிடம் கதையாகச் சொல்லாதீர்கள். இப்படித் தொடங்குங்கள்: "எனக்கு 14 வருடமாக முடக்குவாதம். நேற்று சாயங்காலத்திலிருந்து வலது பாதத்தைத் தூக்க முடியவில்லை. இது வாஸ்குலைட்டிஸாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது." மூன்று வாக்கியம். போதும்.

6. நடக்கும்போது கைத்தாங்கல் வேண்டும். தொங்கும் பாதம் வாசற்படியில் தடுக்கி, இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்கள் உண்டு.

மருத்துவமனையில் ரத்தம், சிறுநீர், நரம்புக் கடத்தல் சோதனை, சில சமயம் தோல் அல்லது நரம்பிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி ஆகியவை நடக்கும். நரம்புக் கடத்தல் சோதனை முதல் சில நாளில் முழுப் பாதிப்பையும் காட்டாது. மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னால், காசுக்காகச் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

*எச்சரிக்கை:* மெடிக்கலில் "நரம்பு மாத்திரை" என்று கேட்டு வாங்கும் வைட்டமின் கலவை வாஸ்குலைட்டிஸைத் தொடாது. பி12 குறைவு இருப்பது பரிசோதனையில் தெரிந்தால் அதற்கு மருந்து எடுக்கலாம். அளவுக்கு மீறிய பி6 நரம்பையே கெடுக்கும்.

*இன்னொரு குழப்பம்:* மணிக்கட்டு நன்றாக மேலே வருகிறது, சுண்டுவிரலையும் மோதிர விரலையும் மட்டும் நீட்ட முடியவில்லை என்றால் நரம்பைவிடத் தசைநாண் அறுந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்குக் கை அறுவை நிபுணர் வேண்டும். தள்ளிப்போட்டால் அடுத்த விரலின் நாணும் அறும்.

பெரிய மருந்துகள்: நோயாளி செய்யவேண்டிய பங்கு

வாஸ்குலைட்டிஸ் உறுதியானால் வழக்கமாக அதிக அளவு ஸ்டீராய்டும், கூடவே சைக்ளோபாஸ்பமைடு அல்லது ரிட்டுக்சிமாபும் கொடுப்பார்கள். பெயரைக் கேட்டதும் "புற்றுநோய் மருந்தாமே" என்று வீடு கலங்கும். ஆமாம், அங்கேயும் பயன்படும் மருந்துகள்தான். இங்கே கொடுப்பது அழற்சியை அடக்க.

ஸ்டீராய்டு

1. காலையில், சாப்பிட்டபின்.
2. சர்க்கரை நோய் இல்லாதவரும் முதல் வாரங்களில் ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மதிய உணவுக்குப் பிறகு சர்க்கரை ஏறுவது வழக்கம். வெறும் வயிற்று அளவு மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.
3. கால்சியம், வைட்டமின் டி எழுதித் தந்திருந்தால் விடாமல் எடுங்கள்.
4. மூன்று வாரத்துக்கு மேல் எடுத்த ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தக் கூடாது. உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்தியிருக்கும். ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றாலும் அது அவசரம்தான்.
5. பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்கிச் சாப்பிடுவதை அடியோடு விடுங்கள். "மூணே நாள்ல வலி போயிடும்" என்று விற்கும் பெயரில்லாத பொடிகளும் அப்படித்தான். உள்ளே ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. 1948ல் முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலில் கார்ட்டிசோன் கொடுத்த குழுவைச் சேர்ந்தவர்களுக்கு 1950ல் நோபல் பரிசு கிடைத்தது. எழுந்து நடந்த நோயாளிகளைப் பார்த்து உலகமே மயங்கியது. பக்கவிளைவுகள் பின்னால்தான் வந்து நின்றன. அந்தப் பாடத்தை ஒவ்வொரு வீடும் தனித்தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

சைக்ளோபாஸ்பமைடு

1. தொடங்குமுன், குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் ஆணானாலும் பெண்ணானாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த மருந்து கருவளத்தைக் குறைக்கக்கூடியது. கேட்கக் கூச்சப்பட்டுக் கடைசியில் வருந்துவதைவிட முதல் நாளே கேட்பது மேல்.
2. மருந்து ஏற்றும் நாளில், இதய, சிறுநீரகக் கட்டுப்பாடு இல்லாதவர்கள், 2 முதல் 3 லிட்டர் திரவம் குடிக்க வேண்டும். சிறுநீரை அடக்காமல் இரண்டு மணிக்கொருமுறை போங்கள். இரவிலும் எழுந்து போங்கள். மருந்தின் கழிவு சிறுநீர்ப்பையில் தங்கினால் உட்சுவர் புண்ணாகும்.
3. சிறுநீர் சிவந்தால் அன்றே தெரிவியுங்கள்.
4. அடுத்த ரத்த அணு எண்ணிக்கை எந்தத் தேதி என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் 10 முதல் 14 நாளில் வெள்ளணு மிகக் கீழே இருக்கும். அந்த நாட்களில் கல்யாணக் கூட்டம் வேண்டாம்.

ரிட்டுக்சிமாப்

ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை முடிவைப் பார்க்காமல் முதல் ஊசி போட விடாதீர்கள். பழைய தொற்று மறுபடி கிளம்பும். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் போட நேரம் இருந்தால் ஊசிக்குச் சில வாரம் முன்பே போட வேண்டும். பிறகு போட்டால் உடல் சரியாக எதிர்வினை காட்டாது. நரம்பு சாகும் அவசரத்தில் தடுப்பூசிக்காகக் காத்திருக்க முடியாது. அதை டாக்டர் முடிவு செய்வார். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் கூடாது.

கலக்கக் கூடாத ஜோடிகள்

மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள் எடுக்கும் மருந்து. இதைத் தினமும் விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் விழுந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள் உண்டு. மாத்திரை அட்டையின்மேல் பேனாவால் கிழமையை எழுதுங்கள். மற்ற மாத்திரைகளின் டப்பாவில் இதை வைக்காதீர்கள். அட்டையில் உங்கள் கையெழுத்தில் "வெள்ளி" என்று ஒரு சொல் இருந்தால் பாதி ஆபத்து போயிற்று. மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. அசாத்தியோப்ரின் எடுப்பவருக்கு யூரிக் அமிலத்துக்கான அல்லோபியூரினோல், ஃபெபுக்ஸோஸ்டாட் ஆகாது. இரண்டு ஜோடியும் எலும்பு மஜ்ஜையை முடக்கும். பல் டாக்டர், தோல் டாக்டர், யாரிடம் போனாலும் பட்டியலைக் காட்டுங்கள்.

காலில் புண் வந்தால்

வாஸ்குலைட்டிஸ் புண் பெரும்பாலும் கணுக்காலுக்கு மேலே, முன்காலில் வரும். விளிம்பு துளைக்கருவியால் வெட்டியதுபோல் செங்குத்தாக இருக்கும். அளவுக்கு மீறி வலிக்கும். நோயை அடக்காமல் கட்டு மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் ஆறாது. நோய்க்கு மருந்து தொடங்கியபின் வீட்டில் கட்டு மாற்றும் முறை:

1. டாக்டர் எழுதிய வலி மாத்திரையை அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.
2. சோப்பால் இரண்டு கையும் கழுவுங்கள். கட்டு மாற்றுபவர் மோதிரம், வளையல் கழற்ற வேண்டும்.
3. பழைய கட்டை இழுக்காதீர்கள். நார்மல் சலைன் ஊற்றி, ஊறி, தானாக விடும்வரை பொறுங்கள். பிய்த்தால் நேற்று முளைத்த தோலும் கூடவே வரும்.
4. புண்ணைச் சலைனால் மெல்லக் கழுவுங்கள். தேய்க்க வேண்டாம்.
5. பக்கத்தில் ஸ்கேல் வைத்து போட்டோ எடுங்கள். வாரம் ஒன்று போதும், எப்போதும் ஒரே தூரத்திலிருந்து.
6. ஒட்டாத பாரஃபின் காஸ், அதன்மேல் பஞ்சுக் கட்டு, அதன்மேல் தளர்வாகச் சுற்றுத்துணி.
7. பத்து நிமிடம் கழித்து விரல்களைப் பாருங்கள். வெளுத்தோ நீலமாகவோ இருந்தால் உடனே அவிழ்த்து விடுங்கள்.

மஞ்சள்தூள், காபிப்பொடி, பச்சிலை, பற்பசை எதுவும் வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடு பொங்குவதைப் பார்த்து "அழுக்கெல்லாம் வெளியே வருது" என்று திருப்திப்படுவார்கள். அது ஆறும் திசுவையும் சேர்த்தே அரிக்கிறது. வீக்கம் குறைய கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றுவது இன்னும் மோசம். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் அளந்து ஒப்பிட்டு, தமனி ஓட்டம் போதுமானது என்று தெரிந்த பிறகே இறுக்கமான கட்டு. புண் ஆறப் புரதம் வேண்டும்: முட்டை, பருப்பு, மீன், தயிர், எது ஒத்துக்கொள்கிறதோ அது. "புண்ணுக்கு முட்டை ஆகாது" என்பதற்கு ஆதாரம் இல்லை.

விரல் கறுத்திருந்தால் மோதிரத்தையும் மெட்டியையும் வீக்கம் கூடுமுன் கழற்றிவிடுங்கள். கழலாவிட்டால் மருத்துவமனையில் வெட்டுவார்கள். மெட்டியைக் கழற்றச் சாஸ்திரம் பார்த்து விரலை இழக்க வேண்டாம்.

உணர்ச்சி குறைந்த கால்

வெந்நீர் ஒத்தடம், சூடான பாட்டில், ஹீட்டிங் பேட் மூன்றும் தடை. குளிக்கும் நீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு போடுங்கள், போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள், உள்ளே கல் இருந்தால் உங்கள் பாதம் சொல்லாது. மதிய நேரத்தில் கோயில் பிராகாரத்தைச் சுற்ற வேண்டாம். சாமி அதிகாலையிலும் அங்கேதான் இருக்கும்.

இரவில் கை மரத்தால்

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை இரவில் மரத்து, எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டுக் குகையில் நரம்பு நெரிபடுகிறது. பூத் தொடுக்கும்போதும் மொபைலைப் பிடித்திருக்கும்போதும் கூடும்.

1. இரவில் மணிக்கட்டு ஸ்பிளின்ட் போடுங்கள். கடையில் கிடைக்கும் பல ஸ்பிளின்ட்டுகளில் உள்ளே ஒரு உலோகத் தகடு கையைப் பின்பக்கம் வளைத்து வைத்திருக்கும். தகட்டை உருவி, மேசை விளிம்பில் வைத்து நேராக்கி, திரும்பச் செருகுங்கள். மணிக்கட்டு நேராக இருக்கும்போதுதான் குகைக்குள் அழுத்தம் குறைவு.
2. விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். பட்டையடியில் ஒரு விரல் நுழைய வேண்டும்.
3. ஆறு வாரம் தொடர்ந்து போட்டும் குறையாவிட்டால் ஊசியோ சிறு அறுவையோ உண்டு.
4. கட்டைவிரல் அடிமேட்டுச் சதை தட்டையாகிப்போனால், சட்டைப் பொத்தான் நழுவினால் ஆறு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

கழுத்து: ஒரு கடுமையான தடை

கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் தசைநார் முடக்குவாதத்தில் தளரலாம். எலும்பு நழுவினால் தண்டுவடம் நசுங்கும். பின்னந்தலைக்கு ஏறும் வலி, தலை கனத்து விழுவதுபோன்ற உணர்வு முதல் அடையாளங்கள். அடையாளமே இல்லாமலும் இருக்கலாம்.

– சலூனில் முடி வெட்டியபின் கழுத்தைத் திருகி நெட்டி முறிப்பதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். உட்கார்ந்ததுமே "கழுத்துல கை வைக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். கடைசியில் சொல்ல மறந்துவிடும், அவர் கை பழக்கத்தில் போய்விடும்.
– வர்மம், மசாஜ், கழுத்து இழுவை சிகிச்சை எதுவானாலும் எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சொன்னால் மட்டும்.
– சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் வேண்டாம்.
– பஸ்ஸில் கடைசி இருக்கை வேண்டாம். காரில் தலைச்சாய்ப்பு உங்கள் தலை உயரத்துக்கு இருக்கட்டும்.
– எந்த அறுவைக்கும், அது கண்புரையானாலும் முழங்கால் மாற்றமானாலும், மயக்க மருந்து டாக்டரிடம் "எனக்கு முடக்குவாதம், கழுத்தைப் பார்த்துவிட்டீர்களா?" என்று நீங்களே கேளுங்கள். குழாய் செருகத் தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் கழுத்து எக்ஸ்ரே முன்கூட்டியே இருக்க வேண்டும்.

இதயத்துக்கான பக்கம்

இந்த நோயில் பெரிய ரத்தக்குழாய்களும் சீக்கிரம் தடிக்கின்றன. மாரடைப்பு வாய்ப்பைக் கணக்கிடும்போது மற்றவர்களுக்கு வரும் எண்ணை ஒன்றரையால் பெருக்கச் சொல்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் பாருங்கள். டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் போன்ற வலி மாத்திரைகளை மிட்டாய்போல் தினமும் போடாதீர்கள். டோஃபாசிடினிப் எழுதித் தந்தால், வயது 65 தாண்டியிருந்தாலோ புகைப்பழக்கமோ இதயநோயோ இருந்தாலோ அதை நினைவூட்டுங்கள். அவர்களுக்கு மாரடைப்பு, ரத்தக்கட்டி அபாயம் கூடுதல். பீடி, சிகரெட்டை விடுவது இந்த அத்தியாயத்தின் எல்லா மருந்துகளையும்விட மலிவு.

மீண்டு வரும் காலம்

பாதத்தைத் தாங்கும் ஸ்பிளின்ட்டை நடக்கும்போதெல்லாம் போடுங்கள். கழற்றியதும் தோலில் சிவந்த அழுத்தத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள், அரை மணியில் மறையாவிட்டால் ஸ்பிளின்ட்டைச் சரிசெய்ய வேண்டும். வீட்டில் சுருளும் கால்மிதிகளை எடுத்துவிடுங்கள். குளியலறை வழியில் இரவு விளக்கு எரியட்டும். கெண்டைக்கால் தசை சுருங்காமலிருக்க, காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தின் முன்பகுதியில் துண்டைப் போட்டு உங்களை நோக்கி இழுங்கள். 30 நொடி, ஐந்து முறை, காலை மாலை. கையில் பிடிப்பு இல்லாவிட்டால் வீட்டில் ஒருவர் இழுக்கட்டும். எரிச்சலுக்குத் தரும் பிரிகாபாலின், கபாபென்டின் போன்றவை தூக்கம் தரும். இரவில் தடுமாற்றம் வரும், திடீரென நிறுத்தவும் கூடாது.

கடைசியாக ஒரு கணக்கு. அறுபட்ட நரம்பிழை நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். முழங்காலுக்குப் பக்கத்தில் அடிபட்ட நரம்பு கட்டைவிரலை எட்ட ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். எனவே மூன்றாம் மாதத்தில் "ஒண்ணும் தேறலை" என்று மருந்தையும் பயிற்சியையும் நிறுத்தாதீர்கள். ஒன்றரை வருடம் வரை நேரம் கொடுத்துவிட்டு டாக்டரோடு உட்கார்ந்து முடிவெடுங்கள்.